ராக் குழுவில் 15 ஆண்டு டிரம்ஸ் வாசித்தவர் 36 வயதில் விளையாட்டுத் துறைக்கு வர முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ராக் குழுவில் 15 ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்திருக்கிறீர்கள். குழு கலைந்துவிட்டது. வயது 36. ஒரு வருடமாக ஓட்டம், சைக்கிள், ஜிம் என்று இறங்கியதில் மனசு அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. விளையாட்டுத் துறையில் இரண்டாவது வாழ்க்கை அமையுமா, டிரம்ஸ் பழக்கிய உடம்பும் தாள அறிவும் கைகொடுக்குமா, டிரம் செட்டை விற்றுவிடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் முறை படித்தபோது எனக்கு அவை மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் தெரிந்தன: அந்த 15 வருடம் அப்படியே போய்விட்டதா, இல்லை அதிலிருந்து எதையாவது கையோடு எடுத்துக்கொண்டு வர முடியுமா?

நான் இருபது வருடங்களுக்கு மேலாக உடல்திறன் பயிற்சியாளராக இருக்கிறேன். பெரும்பாலும் துடுப்புப் படகுக்காரர்களோடும் நீண்டதூர ஓட்டக்காரர்களோடும்தான் வேலை. இத்தனை வருடத்தில் இசையிலிருந்து விளையாட்டுக்கு வந்த நான்கு பேர் என்னிடம் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். நான்கு பேரை வைத்து ஒரு விதி எழுதிவிட முடியாது. அதனால் ஆராய்ச்சி உறுதியாகச் சொல்வதையும், நான் கண்ணால் பார்த்ததையும், வெறும் நம்பிக்கையாகச் சுற்றிக்கொண்டிருப்பதையும் முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. காது, இதயம், மாத்திரை பற்றிச் சொல்லும் இடங்களில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடியான பதில்: முடியும். ஆனால் 'விளையாட்டுத் துறை' என்பது ஒரே கதவு இல்லை. உச்ச நிலையில் போட்டியிட்டுச் சம்பாதிப்பது ஒரு கதவு. 36 வயதில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது ஏறக்குறைய மூடியே இருக்கிறது. வயதுப் பிரிவில் போட்டியிடுவது இன்னொன்று. அது அகலத் திறந்திருக்கிறது. தடகளத்தில் மாஸ்டர்ஸ் எனப்படும் மூத்தோர் பிரிவே 35 வயதில்தான் தொடங்குகிறது, ஆக அங்கே நீங்கள்தான் இளையவர். மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது மூன்றாவது. உங்களுக்குப் பொருந்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. டிரம்மர்கள் உண்மையில் விளையாட்டு வீரர்களுக்குச் சமம் என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் ப்ளாண்டி குழுவின் டிரம்மர் கிளெம் பர்க்கிடமிருந்து வந்தது. பிரிட்டனில் ஒரு ஆராய்ச்சிக் குழு, மேடையில் வாசிக்கும்போது அவருடைய உடம்பை அளந்தது. இதயத் துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 140 முதல் 150 வரை இருந்தது, உச்சத்தில் 190ஐத் தொட்டது என்று 2008இல் செய்தி வந்தது. அளவில் தப்பில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் கவனம் வேண்டும். கையால் செய்யும் வேலைக்கு, காலால் செய்யும் அதே அளவு வேலையைவிட இதயம் அதிகமாகத் துடிக்கும். மேடையின் வெக்கையும் பதற்றமும் அதை இன்னும் ஏற்றும். அதாவது 150 துடிப்பில் ஒரு மணி நேரம் வாசித்தவருடைய நுரையீரலும் கால் தசையும் 150 துடிப்பில் ஒரு மணி நேரம் ஓடியவருடையதைப் போல வளர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சோபாவில் உட்கார்ந்தே 15 வருடம் கழித்தவரைவிட நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள், அது நிச்சயம். எவ்வளவு முன்னால் என்பது உங்களைச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

தாளம் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒரே நாளில், ஒரு டிரம்மரிடமிருந்து. உங்கள் வயதில்தான் வந்தார். முதல் வாரத்தில் அவரை ரோயிங் மெஷினில் (தரையிலேயே துடுப்புப் போடுவது போல இழுத்துப் பழகும் இயந்திரம்) உட்கார வைத்து, திரையை ஒரு துண்டால் மூடிவிட்டு, "நிமிடத்துக்கு 22 இழுப்பு, 20 நிமிடம்" என்றேன். புதியவர்கள் திரையைப் பார்க்காமல் அதைச் செய்யவே முடியாது. 18க்குப் போவார்கள், 27க்குப் போவார்கள். இவர் 22ஐப் பிடித்தார், பிடித்தபடியே 20 நிமிடமும் இருந்தார். நான் துண்டின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 22, 22, 22. ஆனால் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறதே, 500 மீட்டருக்கு ஆகும் நேரம்? அது 2 நிமிடம் 5 நொடியில் தொடங்கி 2 நிமிடம் 19 நொடிக்கு ஏறியிருந்தது. முடிந்ததும் காட்டினேன். "நான் வேகத்தைக் குறைக்கவே இல்லையே" என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு. அவர் அறிந்த வேகம் டெம்போ, அதாவது தாளத்தின் வேகம், மட்டும்தான். களைப்பு வரவர இழுப்பின் நீளத்தைக் குறைத்து, காலின் அழுத்தத்தைக் குறைத்து, டெம்போவை மட்டும் காப்பாற்றியிருக்கிறார். மேடையில் ஒரு டிரம்மர் செய்ய வேண்டியதும் அதுதானே? கை வலித்தால் சத்தம் கொஞ்சம் குறையலாம், டெம்போ குறையக் கூடாது. அந்தப் பழக்கம் இங்கே களைப்பை அவரிடமிருந்தே மறைத்துவிட்டது. அதன் பிறகு மூன்று மாதம், தாளத்தை மறந்துவிட்டுக் காலின் அழுத்தத்தை மட்டும் கவனிக்கச் சொன்னேன்.

ஆக தாள அறிவு கைகொடுக்குமா என்றால், சில இடத்தில் கொடுக்கும், சில இடத்தில் ஏமாற்றும். ஒரு திறமை வேறொரு வேலைக்குத் தானாக நகர்ந்து போகும் என்பதற்கு ஆதாரம் பொதுவாகவே பலவீனம். மிக நெருக்கமான வேலைகளுக்குள்தான் அது நகர்கிறது. நகரும் இடம் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: ஓட்டத்தில் அடி எண்ணிக்கை. அதே வேகத்தில் ஓடிக்கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைகிறது. இது ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்த விஷயம். முழங்கால் வலியோடு வருகிற ஓட்டக்காரரிடம் "165 அடியை 174 ஆக்குங்கள்" என்றால், அது பழக்கமாக வாரக்கணக்கில் ஆகும். உங்களுக்கு அரை நிமிடம் போதும். உங்களுக்குள் ஒரு மெட்ரோனோம், சீராகத் தாளம் தட்டும் கருவி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இசையோடு அடியைப் பொருத்தி ஓடினால் அதே உழைப்பு கொஞ்சம் லேசாகத் தோன்றும் என்பதும் நன்றாக ஆராயப்பட்டதுதான். எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹெய்லே கெப்ரசெலாசி 1998இல் பர்மிங்காம் உள்ளரங்கத்தில் 2000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது, தன் அடிக்குப் பொருந்தும் ஒரு பாட்டை அரங்கில் போடச் சொல்லியே ஓடினார். ஆனால் தடகள விதிப்படி போட்டியில் காதில் பாட்டு மாட்டிக்கொள்ள முடியாது, டிரையத்லானிலும் முடியாது. வெளியிலிருந்து வரும் தாளத்தை நம்பிப் பழகிவிடாதீர்கள்.

அப்புறம், நீங்கள் கையோடு கொண்டு வருகிற பெரிய சொத்து தாளம் இல்லை. பயிற்சி செய்யும் முறை. அதே டிரம்மரைப் பற்றித்தான் சொல்கிறேன். துடுப்பு தண்ணீருக்குள் இறங்கும் அந்த ஒரு கணம் அவருக்குச் சரியாக வரவில்லை. நான் ஒரு முறை காட்டிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டேன். 40 நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால், கட்டிப் போட்ட படகில் உட்கார்ந்து அந்த ஒரு அசைவை மட்டும் பாதி வேகத்தில் செய்துகொண்டிருக்கிறார். பத்து முறை செய்வார், போனில் எடுத்த வீடியோவைப் பார்ப்பார், பென்சிலால் நோட்டில் ஒரு வரி எழுதுவார், திரும்பப் பத்து. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டில் கஷ்டமான நான்கு பாரை (தாளச் சுற்றை) மட்டும் தனியாக எடுத்து, மெதுவாக வாசித்து, பதிவு செய்து கேட்டு, மறுபடி கொஞ்சம் வேகம் கூட்டி வாசித்துப் பழகிய ஆளுக்கு இது இயல்பாக வருகிறது. பெரியவர்களாகி விளையாட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்ய மாட்டார்கள். முழு தூரத்தையும் ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று துடிப்பார்கள். சலிப்பைத் தாங்கி ஒரு சின்ன விஷயத்தோடு உட்காரத் தெரிந்த ஆள் என் தொழிலில் கிடைப்பது அரிது. அந்த வகையில் உங்கள் 15 வருடம் வீண் போகவில்லை என்று என்னால் தயங்காமல் சொல்ல முடியும்.

இதையும் மிகைப்படுத்திவிடக் கூடாது. 10,000 மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் எதிலும் உச்சம் தொடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்து 1993இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து இழுத்து நீட்டப்பட்ட பேச்சு அது. 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, ஆளுக்கு ஆள் திறமையில் இருக்கும் வித்தியாசத்தில் பயிற்சியால் விளக்க முடிந்தது இசையில் சுமார் 21 சதவீதம், விளையாட்டில் சுமார் 18 சதவீதம். மிச்சம் உடல்வாகு, தொடங்கிய வயது, வாய்ப்பு, இன்னும் எத்தனையோ.

இந்தச் சொத்துக்குள்ளேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. இசைக்காரர்கள் தினமும் பயிற்சி செய்கிறவர்கள். நான்கு மணி நேரம் வாசித்தால் இரண்டு மணி நேரத்தைவிட நல்லது என்று பழகியவர்கள். உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. தசை சில வாரத்தில் பலமாகிவிடும். தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில்தான் பின்தொடரும். பெரும்பாலான காயங்கள் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. மூன்றாவது மாதத்தில் அந்த டிரம்மர் எனக்குச் சொல்லாமல் பயிற்சியை இரட்டிப்பாக்கினார். மணிக்கட்டுக்கு மேலே தசைநாண் உறை வீங்கி, கையை மடக்கும்போது நறநறவென்று சத்தம் கேட்டது. துடுப்புக்காரர்களுக்கு அடிக்கடி வரும் காயம்தான். ஆனால் இவருக்கு அதே இடத்தில் டிரம்ஸ் வாசித்த காலத்திலேயே இரண்டு முறை வலி வந்து போயிருக்கிறது. முதல் நாளே நான் அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஆறு வாரம் துடுப்பைத் தொடவில்லை. உங்கள் பழைய வலிகளை எல்லாம், மணிக்கட்டு, முழங்கை, கீழ்முதுகு, பெடல் மிதிக்கும் காலின் முன்பக்கம் என்று ஒன்று விடாமல் எழுதி எடுத்துக்கொண்டு போய் உங்கள் பயிற்சியாளரிடம் கொடுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

வயது பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். 30 வயதுக்கு மேல், ஒன்றும் செய்யாமல் இருப்பவரின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்கிறவர்களிடம் அந்தச் சரிவு பாதி அளவுக்கு மட்டுப்படுகிறது. தொடங்காதவருக்கோ, 36இல் தொடங்கினாலும் சில வருடம் ஏறுமுகம்தான். பிரிட்டனைச் சேர்ந்த பிரிசில்லா வெல்ச் புகைபிடித்துக்கொண்டிருந்தவர், விளையாட்டுக்காரரே இல்லை. 1979இல் 34 வயதில் முதல் மாரத்தானை ஓடினார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஆறாவது இடம். 1987இல் 42 வயதில் லண்டனில் 2 மணி 26 நிமிடம் 51 நொடி. அதே ஆண்டு நியூயார்க் மாரத்தானில் முதலிடம். இந்தக் கதையை நான் எல்லோரிடமும் சொல்வேன். கூடவே இன்னொன்றையும் சொல்வேன்: அவர் அபூர்வம். அவருடைய உடம்பில் அந்த இயந்திரம் ஏற்கெனவே இருந்தது, யாரும் அதுவரை இயக்கிப் பார்க்கவில்லை. உங்களிடம் இருக்கிறதா என்று இரண்டு வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் தெரிந்துவிடும். ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், டென்னிஸ் போலச் சின்ன வயதிலேயே நரம்பில் ஏற வேண்டிய விளையாட்டுகளில் இந்தக் கதைக்கு இடமில்லை.

ராக் உலகத்திலிருந்து இப்படி வந்தவர்கள் யார் என்று பார்த்தால், பாதிப் பேர் பணம் கொண்டு வந்து திறந்த கதவு வழியாகப் போனவர்கள். பிங்க் ஃப்ளாய்டின் டிரம்மர் நிக் மேசன் 1979 முதல் 1984 வரை லு மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் ஐந்து முறை ஓட்டினார். அவருடைய அப்பா மோட்டார் பந்தயப் படங்கள் எடுத்தவர், பந்தயமும் ஓட்டியவர், சின்ன வயதிலிருந்தே வீட்டில் அந்தச் சூழல். ஆர்வமும் உழைப்பும் நிஜம். ஆனால் பின்னால் பிங்க் ஃப்ளாய்டின் வருமானம் இருந்தது. அதை உங்களுக்கு வழிகாட்டியாகக் காட்ட மாட்டேன். அயர்ன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் இன்னும் பொருத்தமான உதாரணம். பள்ளியில் பழகிய வாள்வீச்சை 1980களில் திரும்ப எடுத்து, சுற்றுப்பயணங்களுக்கு நடுவிலேயே பயிற்சி செய்து, ஃபாயில் என்ற மெல்லிய வாள் பிரிவில் பிரிட்டனின் தரவரிசையில் ஏழாவது இடம்வரை போனார். இசையை விட்டுவிட்டு அவர் இதைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எச்சரிக்கையாக ஒரு கதை. வயலின் கலைஞர் வனெஸ்ஸா-மே, ராக் இல்லை என்றாலும் பெரிய மேடைக்காரர். 35 வயதில் தாய்லாந்துக்காக 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் கலந்துகொண்டார். ராட்சத ஸ்லாலத்தில் முடித்தவர்களில் கடைசி, 67ஆவது இடம். கடைசியாக வந்ததில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அவர் தகுதி பெற்ற பந்தயங்களின் முடிவுகள் ஜோடிக்கப்பட்டவை என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு அவருக்கு நான்கு ஆண்டு தடை போட்டது. 2015இல் விளையாட்டுக்கான நடுவர் மன்றம், அவர் தவறு செய்தார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தடையை நீக்கியது. அவர் பெயரில் கறை இல்லை. ஆனாலும் அந்த முடிவுகள் ரத்தானது ரத்தானதுதான். தாமதமாக வருகிற ஒருவரைக் குறுக்கு வழியில் உச்சிக்குக் கொண்டுபோக ஆசைப்படும் ஆட்கள் சுற்றிலும் சேர்வார்கள். பெயர் பெற்ற இசைக்காரராக இருந்தால் இன்னும் அதிகமாகச் சேர்வார்கள்.

நீங்கள் தேடிப் பார்க்க வேண்டிய பெயர் ஹார்லி ஃப்ளானகன். நியூயார்க் ஹார்ட்கோர் பங்க் குழுவான குரோ-மேக்ஸின் பேஸிஸ்ட், அதாவது பேஸ் கிட்டார் வாசிப்பவர். அதற்கு முன்பு, சின்னப் பையனாக இருக்கும்போதே, ஸ்டிமுலேட்டர்ஸ் என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். தரையில் மல்லுக்கட்டும் தற்காப்புக் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவுக்கு வந்து, அதன் பெயர்பெற்ற ஆசிரியர் ரென்சோ கிரேசியிடம் பல ஆண்டுகள் பயின்று, கறுப்புப் பட்டை பெற்று, அதே பயிற்சிக்கூடத்தில் ஆசிரியராக ஆனார். ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டைக்குப் பொதுவாகவே பத்து வருடத்தை ஒட்டி ஆகும். அந்தக் காலத்தில் பெரும்பகுதி, தன்னைவிட இளையவர்களிடம் தோற்று, தோல்வியை ஒப்புக்கொள்ளப் பாயைத் தட்டித் தட்டி எழுந்திருப்பதிலேயே போகும். இது பணத்தால் திறக்கிற கதவு இல்லை. அவரும் இசையை விடவில்லை.

மைதானத்துக்கு வெளியே இருக்கும் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்டன் ஜான் 1976இல் வாட்ஃபோர்ட் கால்பந்துக் கழகத்தின் தலைவரானார். நான்காம் டிவிஷனில் கிடந்த அணி 1982க்குள் முதல் டிவிஷனுக்கு ஏறி, அடுத்த பருவத்தில் இரண்டாம் இடம் பிடித்தது. ஹஸ்கர் டூ குழுவின் பாப் மோல்ட் 1999இல் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூசிடபிள்யூவின் கதை எழுதும் குழுவில் சில மாதம் வேலை பார்த்தார். நிகழ்ச்சி நடத்துவது, அரங்க ஒலி, பயண ஏற்பாடு எல்லாம் தெரிந்தவர்களுக்குப் போட்டி நடத்தும் அமைப்புகளில் உண்மையிலேயே தேவை இருக்கிறது. இது எனக்கு நெருக்கமாகத் தெரிந்த உலகம் இல்லை, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காதைச் சோதித்தீர்களா? இல்லையென்றால் ஓட்டத்துக்குப் புது ஷூ வாங்குவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ராக் டிரம்மரின் இருக்கையில் 100 என்பது சாதாரணம். ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன், காது முழுதாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் சொன்னதால் 2016இல் சுற்றுப்பயணத்தை நிறுத்த வேண்டி வந்தது. அவரோ தன் காது கெட்டதற்குக் காரணமாகச் சொன்னது மேடையை இல்லை; கார் பந்தயத்தில் ஒரு நாள் காதடைப்பு போட மறந்ததை. இது உங்களுக்கு எதற்கு என்றால், சாலையில் சைக்கிள் ஓட்டும்போது பின்னால் வரும் வண்டியைக் காதுதான் முதலில் சொல்லும். என்னிடம் வந்த பேஸ் கிட்டார் கலைஞருக்கு இடது பக்கம் உயர் ஒலிகள் கேட்காது. குழுவாக ஓட்டும்போது "பின்னால் கார்" என்று கத்துவது அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பது, ஒரு முறை தடுமாறி விழப் போன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. இப்போது சைக்கிளில் பின்பக்கம் காட்டும் கண்ணாடி மாட்டியிருக்கிறார்.

மாத்திரையையும் சொல்லியாக வேண்டும். மேடைப் பதற்றத்துக்கு ப்ரோப்ரனலால் போடும் இசைக்காரர்கள் நிறைய. நீங்களும் போட்டிருந்தால் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்ற விளையாட்டுகளில் அது தடைசெய்யப்பட்ட மருந்து, ஏனென்றால் கை நடுக்கத்தை அடக்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங்-சு இதனால்தான் இரண்டு பதக்கங்களை இழந்தார். ஓட்டத்தில் அதற்குத் தடை இல்லை, ஆனால் அது இதயத் துடிப்பை அமுக்கி வைப்பதால் உங்கள் கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பிப் பயிற்சி செய்ய முடியாது. மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. உலக ஊக்கமருந்து தடுப்பு விதிகளை ஏற்ற எல்லா விளையாட்டிலும் போட்டி நேரத்தில் கஞ்சாவுக்குத் தடை. தூக்கத்தைப் பற்றி ஒரு வரி: 15 வருடம் இரவு மூன்று மணிக்குப் படுத்த உடம்பை விடிகாலைப் பயிற்சிக்கு ஒரே வாரத்தில் திருப்பாதீர்கள், வாரத்துக்கு அரை மணி முன்னால் நகர்த்துங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் சமாளிக்கக் கூடியவை. நான் பார்த்த நான்கு பேரில் இரண்டு பேர் பாதியில் விட்டுப் போனார்கள். இருவருக்கும் காயம் இல்லை, வயதும் காரணமில்லை. இருவருமே பாடகர்கள். இதில் பெரிய உண்மை ஒளிந்திருக்கிறதா, தற்செயலா என்று இரண்டு பேரை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் இருவரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "யாருமே பார்க்கவில்லை." அந்த டிரம்மரின் முதல் படகுப் போட்டியில் ஏழு பேரில் ஐந்தாவதாக வந்தார். படகுத்துறையின் மரப்பலகையில் ஈரக் காலோடு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மேடையில் நான் தப்பாக வாசித்தால் பேஸிஸ்ட் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பான். இங்கே என் தப்பு நொடிக் கணக்கில் பலகையில் தொங்குகிறது" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவர்தான் முதலில் வந்து கதவைத் திறந்து வைத்திருந்தார். 15 வருடம் ஒரு வேலையில் கைதேர்ந்தவராக இருந்துவிட்டு, 20 வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்பது நிஜமான வலி. அதைத் தாங்குவீர்களா என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு சோதனையும் என்னிடம் இல்லை. உங்களுக்கே ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

பயிற்சி கொடுப்பது உங்களுக்குப் பொருந்தும் என்று ஏன் சொன்னேன் என்றால், அவரை இரண்டாவது வருடம் நால்வர் படகில் உட்கார வைத்தபோது நடந்ததால்தான். துடுப்பைப் பிடித்தபடியே பின்னால் இருக்கும் மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்று திரும்பாமல் சொன்னார். "மூன்றாவது ஆள் இறங்கும்போது அவசரப்படுகிறார், திரும்பும்போது காத்திருக்கிறார்" என்றார். நான் கரையில் சைக்கிளில் வந்தபடி வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்துத்தான் அதைக் கண்டேன். தன் வேலையைச் செய்துகொண்டே மற்ற மூன்று பேரையும் கேட்பது, ஒரு டிரம்மர் 15 வருடம் ஒவ்வொரு இரவும் செய்தது. இதை அளந்து நிரூபித்த ஆய்வு என்று எதையும் என்னால் உங்களிடம் நீட்ட முடியாது. ஆனால் ஒரு பயிற்சியாளருக்கு இதைவிட முக்கியமான திறமை எனக்குத் தெரியாது. அந்த மாதமே, தாளம் பிடிக்கும் அந்த இருக்கையை அவருக்கே நிரந்தரமாக்கினேன்.

இன்று அவருக்கு 44 வயது. காலையில் புதியவர்களுக்குத் துடுப்புக் கற்றுக் கொடுக்கிறார். தொடக்க நிலைச் சான்றிதழ், முதலுதவி, குழந்தைகள் பாதுகாப்பு ஆகிய பயிற்சிகளைச் சில மாதத்தில் முடித்துவிட்டார். ஆனால் அவரை நம்பி ஒரு குழுவை ஒப்படைக்க ஐந்து வருடம் ஆனது, அதிலிருந்து உருப்படியான வருமானம் வர ஆறு வருடம் ஆனது. இன்றும் அது அவருடைய வருமானத்தில் பாதிதான். மிச்சப் பாதி மாலையில் டிரம்ஸ் வகுப்பு எடுப்பதிலிருந்து வருகிறது. உங்கள் கணக்கையும் இந்த அளவில் போடுங்கள்: ஐந்தாறு வருடம், நடுவில் தாங்கிப் பிடிக்க வேறொரு வருமானம்.

டிரம் செட்டை இப்போது விற்க வேண்டாம். வருமானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முதல் வருடத்தில் ஏதோ ஒரு காயத்தால் மூன்று வாரம், ஐந்து வாரம் என்று சும்மா இருக்க வேண்டி வரும். மணிக்கட்டுக் காயத்தால் துடுப்பைத் தொடாத அந்த ஆறு வாரத்தில், அந்த டிரம்மரால் கை வலியில் குச்சியையும் பிடிக்க முடியவில்லை. ஆனால் தினமும் மாலையில் போய் இருக்கையில் உட்கார்ந்து, பெடலை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்.